சொராரிட்டி வாசலின் இரு பக்கங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் என் கல்லூரி நாள்களைப் பற்றி எழுதும்போது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் சொராரிட்டி உறுப்பினராக இருந்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் என்னை ஆச்சரியப்படுத்தின. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே உரியவை. என் பல்கலைக்கழகத்தின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ இங்கே சொல்லவில்லை. இன்று அந்த வீட்டில் இருக்கும் பெண்கள் என் கருத்துகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

சொராரிட்டி என்பது மாணவியர் விடுதியா, சங்கமா? படித்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

இரண்டும்தான், ஐயா. ஆனால் முதலில் சங்கம், பிறகுதான் விடுதி. கல்லூரிப் பெண்கள் தங்கள் உறுப்பினர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, சந்தா வசூலித்து, நிர்வாகிகளை வைத்து நடத்தும் சங்கம் இது. சகோதரியைக் குறிக்கும் 'சொரார்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. பெரும்பாலான சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளே பெயர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ள கிளையைச் சாப்டர் என்பார்கள். சில சாப்டர்களுக்குப் பல பேர் தங்கும் பெரிய வீடு உண்டு. சிலவற்றுக்குச் சொந்தமாக ஓர் அறைகூடக் கிடையாது.

ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், பெண்கள் கல்லூரி ஒன்றில் 1851இல் தொடங்கிய அடெல்ஃபியன் சங்கம்தான் இன்றைய ஆல்ஃபா டெல்ட்டா பை என்ற சொராரிட்டி. ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான கதை 1870ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இண்டியானா மாநிலத்தில், இன்று டிபாவ் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகம் 1867இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே படித்த பெட்டி லாக் என்ற மாணவியிடம், ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அணிந்துகொள்ளலாம் என்று சொன்னது. பேட்ஜ் மட்டும்தான் கிடைக்கும், உறுப்பினர் உரிமை கிடையாது. அதை மறுத்துவிட்ட அவர், தோழியர் மூவருடன் காப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார். கிரேக்க எழுத்துப் பெயருடன் பெண்களுக்காக எழுந்த முதல் சங்கம் அது. சொராரிட்டி என்ற சொல்கூட அப்போது புழக்கத்தில் இல்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் பிறந்த காமா ஃபை பீட்டாதான் அந்தச் சொல்லை முதலில் சூடிக்கொண்டது.

வாசலில் நிறுத்தப்பட்ட பெண்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடு இது. அந்த வீடே பிற்பாடு மற்றப் பெண்களை வாசலில் நிறுத்தக் கற்றுக்கொண்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத மனத்தாங்கல். கீழே வரும் பதில்களில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஆகஸ்டில் தெற்கு மாநிலம் ஒன்றில் கல்லூரியில் சேர்கிறாள். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே 'ரஷ்' என்று போக வேண்டுமாம். தொலைக்காட்சியில் குடியும் கூத்துமாகப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா?
(ஒரு தாய், நியூ ஜெர்சி)

அனுப்புங்கள், அம்மா. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற அமைப்பு 1902 முதல் இயங்கிவருகிறது. அதில் உள்ள 26 சங்கங்களின் வீடுகளில் பொதுவாக மதுவுக்கு இடமில்லை, புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ரஷ் வாரத்தில் அறவே இல்லை. நீங்கள் பார்த்த விருந்துகள் பெரும்பாலும் ஆண்களின் ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளில் நடப்பவை. அங்கே விருந்தை நடத்துவதும் ஆண்கள்தான், கதவருகே நின்று யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். தனியாகப் போகாதே, தனியாகத் திரும்பாதே, கையில் இருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் மறுபடி எடுக்காதே என்று எங்கள் மூத்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். அதே சொற்களை நீங்களும் மகளிடம் சொல்லுங்கள்.

அந்த வாரம் எப்படி நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சுற்றில் புதிய மாணவியர் எல்லா வீடுகளுக்கும் போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வீடுகள் சிலரை அழைக்காமல் விடும், மாணவியரும் சில வீடுகளைப் பட்டியலில் கீழே தள்ளுவார்கள். இரு பட்டியல்களையும் கணினி பொருத்தும். கடைசிச் சுற்று முடிந்ததும் மாணவி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாள். மகளை அந்தத் தாளை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் அவள் எழுதிக்கொடுத்த வீடு ஒன்று அழைப்பு அனுப்பி, அவள் அதை மறுத்தால், அந்தப் பல்கலைக்கழகத்தில் அதே மாநாட்டைச் சேர்ந்த வேறு எந்தச் சங்கத்திலும் அடுத்த ஆண்டு ரஷ் வரும்வரை சேர முடியாது. கண்ணீரும் களைப்புமாக இருக்கும் அந்த நேரத்தில் பதினெட்டு வயதுப் பெண்கள் இதைப் படிக்காமலேயே கையெழுத்திடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். வீட்டில் தங்காத உறுப்பினருக்கு ஒரு செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியலாம், வீட்டில் தங்கிச் சாப்பிட்டால் பல ஆயிரம் டாலர் ஆகலாம். முதல் ஆண்டில் நுழைவுக் கட்டணம், பேட்ஜ் கட்டணம் என்று கூடுதலாகச் சேரும். முழு ஆண்டுக் கணக்கையும் எழுத்தில் கேட்டால் எந்தச் சாப்டரும் தர வேண்டும். தரத் தயங்கினால், அந்த வீட்டைப் பற்றி அதுவே போதிய தகவல்.

அக்கா, ரஷ் வாரத்தில் அவர்கள் நம்மைப் பார்த்து என்னதான் முடிவு செய்கிறார்கள்? நான் போன ஆண்டு எல்லா வீடுகளாலும் கைவிடப்பட்டவள். காரணம் தெரிந்தால் மனம் ஆறும்.
(மாணவி, டெக்சஸ்)

தங்கையே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ கேட்டதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால் நான் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் நான் வாசலின் உட்புறம் நின்றேன். வெளியே வரிசையில் மாணவியர் நிற்க, உள்ளே நாங்கள் அறுபது பேர் கைதட்டிப் பாடுவோம். கதவு திறந்ததும் ஆளுக்கு ஒருத்தியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று பேச வேண்டும். ஐந்து நிமிடத்தில் மற்றொருத்தி வந்து நம் தோளைத் தொடுவாள். நாம் எழுந்து அவளிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் போய், பேசிய பெண்ணின் பெயருக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண்ணைக் கைப்பேசியில் பதிந்துவிட்டு, தண்ணீர் குடித்து, உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு திரும்ப வேண்டும். அன்று நான் அப்படி முப்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசினேன்.

அவர்களில் ஒருத்தி காகிதக் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பை நனைந்து விளிம்பு மடங்கத் தொடங்கியிருந்தது. நான் கேட்டவற்றுக்கெல்லாம் 'ஆமாம்', 'பிடிக்கும்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லிலேயே பதில் வந்தது. அவளுக்கு நான் இரண்டு போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதினேன். அடுத்த நாள் அவள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை.

அக்டோபரில் வேதியியல் ஆய்வகத்தில் அவளே எனக்கு இணையாக அமர்த்தப்பட்டாள். அவ்வளவு நகைச்சுவையாகப் பேசும் பெண்ணை நான் அந்த ஆண்டில் சந்திக்கவில்லை. சில வாரங்கள் கழித்து ரஷ் பற்றிப் பேச்சு வந்தபோது, "மூன்றாம் நாளே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு சொல்லுக்கு மேல் குரல் வரவில்லை" என்று இயல்பாகச் சொன்னாள். அவளை விலக்கிய மதிப்பெண்களில் ஒன்று என்னுடையது என்று நான் அவளிடம் சொல்ல எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

உனக்கு நடந்ததற்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம், அல்லது இதைவிடச் சிறிய காரணமாகவும் இருந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான பெயர்களை ஓர் இரவுக்குள் வடிகட்ட வேண்டியிருக்கும்போது, யாரோ ஒருத்தி ஏற்கெனவே அறிந்திருந்த பெயர் மேலே போகும், யாரும் அறியாத பெயர் கீழே போகும். தாயோ பாட்டியோ அதே சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்ற வழக்கத்தை 2020ஐ ஒட்டிப் பல சங்கங்கள் கைவிட்டன. அது நல்ல மாற்றம். ஆனால் அறிமுகம் என்ற சலுகையை எந்த விதியாலும் நீக்க முடியவில்லை. உன்னைப் பற்றி அவர்கள் முடிவு செய்ததாக நீ நினைக்கிறாய். உன்னைப் பற்றி முடிவு செய்யும் அளவுக்கு அவர்கள் உன்னை அறிந்திருக்கவே இல்லை.

இன்னும் ஆசை இருந்தால், ஆண்டின் நடுவில் இடம் காலியாக உள்ள சாப்டர்கள் ஆரவாரமின்றி ஆள் சேர்ப்பதைக் கவனி. காபி குடித்தபடி ஒரு மணி நேரம் பேசுவார்கள். என் நெருங்கிய தோழிகளில் இருவர் அந்த வழியாக வந்தவர்கள்தான்.

தொலைக்காட்சி காட்டும் சொராரிட்டிக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம்?
(கல்லூரி விரிவுரையாளர், சிகாகோ)

தூரம் குறைவுதான். காட்டுவது பொய்யில்லை, ஆனால் ஆண்டில் ஒரு வாரத்தை மட்டும் காட்டுகிறார்கள். எம்டிவி 2002இல் 'சொராரிட்டி லைஃப்' என்ற தொடரை ஒளிபரப்பியபோது, டேவிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சிறிய யூதச் சொராரிட்டி ஒன்றில் சேர வந்த பெண்களைக் கேமரா பின்தொடர்ந்தது. சேர்ப்பார்களா, சேர்க்கமாட்டார்களா என்ற கேள்விதான் பார்ப்பவர்களைக் கட்டிப்போட்டது. 2007 முதல் 2011 வரை ஏபிசி ஃபேமிலியில் வந்த 'கிரீக்' கற்பனைத் தொடர். அதில் சண்டையும் காதலும் தாராளம் என்றாலும், தேர்வுக்கு முந்தைய இரவின் பதற்றமும், உறுப்பினர் கூட்டங்களின் அலுப்பும் ஓரளவு தென்பட்டன என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பிரியம் உண்டு.

கேமராவுக்கு முடிவுகள் வேண்டும், கண்ணீர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம் அதற்கு உதவாது. அந்தக் கூட்டத்தில்தான் பாத்திரம் கழுவும் முறை மாறியதைப் பற்றி நாற்பது நிமிடம் வாதாடினோம். சந்தா கட்ட முடியாத பெண்ணுக்குத் தவணை தருவதா என்று வாக்கெடுத்தோம். ஒரு வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், எதிர்க்கருத்து சொல்பவரைக் கடைசிவரை கேட்கவும் நான் கற்றது அங்கேதான். கல்லூரி வகுப்பு எதுவும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. காய்ச்சலில் கிடந்த எனக்கு, என்னோடு பேசிப் பழகாத ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு வெப்பமானியும் சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இதை எந்தத் தொடரிலும் ஒரு காட்சிக்கு மேல் வைக்கமாட்டார்கள்.

2021 ஆகஸ்டில் நிலைமை வேறு விதமாக மாறியது. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் ரஷ்ஷில் கலந்துகொள்கிறார்கள். அவர்களில் பலர் அன்றன்று அணிந்த உடை, வளையல், செருப்பு ஒவ்வொன்றையும் எந்தக் கடையில் வாங்கினோம் என்று டிக்டாக்கில் சொல்லத் தொடங்க, நாடே உட்கார்ந்து பார்த்தது. மறு ஆண்டு, ஆவணப்படம் ஒன்றுக்காகச் சில பெண்கள் உடைக்குள் மைக் மறைத்து வருகிறார்கள் என்ற வதந்தி பரவி, ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். 2023இல் அந்தப் படம் வெளிவந்தது. முன்பெல்லாம் உள்ளே நடப்பதைக் கேமரா எட்டிப்பார்த்தது. இப்போது கேமராவுக்காகவே உள்ளே நடப்பது மாறுகிறது. பதினெட்டு வயதில் ஐந்து வீடுகள் தன்னை மறுப்பதைத் தாங்கவே பெரும்பாடு. அந்த மறுப்பைப் பல லட்சம் அந்நியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதை எந்தப் பெண்ணும் தாங்க வேண்டியதில்லை. ரஷ் வாரத்தில் எதையும் பதிவேற்றாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் ஒரே வீட்டில் தங்கினால் அதை விபசார விடுதியாகக் கருதும் பழைய சட்டம் இருப்பதாகவும், அதனால்தான் சில ஊர்களில் சொராரிட்டி வீடுகளே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?
(வாசகர், சென்னை)

இல்லை. அமெரிக்காவின் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் இந்தக் கதை உலவுகிறது. தேடிப் பார்த்தவர்கள் யாரும் அப்படி ஒரு சட்டத்தைக் கண்டதில்லை. வீடு இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் நிலத்தின் விலை, நகராட்சியின் குடியிருப்பு விதிகள், பல்கலைக்கழகத்தின் கொள்கை ஆகியவைதான்.

பெண்களைப் பெண்களே தரம் பிரிக்கும் இந்த அமைப்பு இக்காலச் சமூகத்துக்குத் தேவையா? நிறத்தைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள் என்றும் படித்தேன்.
(வழக்கறிஞர், மதுரை)

நீங்கள் படித்தது சரி. 1963இல் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் ஆளுநரின் எதிர்ப்பைக் கடந்து அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில், அங்குள்ள மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட், நல்ல மதிப்பெண்ணும் தகுதியும் கொண்ட கறுப்பின மாணவி ஒருவரை வெள்ளையர் சொராரிட்டிகள் அனைத்தும் நிராகரித்ததை வெளியிட்டது. உறுப்பினர்கள் சிலர் அவரைச் சேர்க்க விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்ததாக அந்தச் செய்தி சொன்னது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், பல்கலைக்கழகம் தலையிட்டது, அதன் பிறகே அழைப்புகள் போயின. உள்ளே இருந்த பெண்களே பத்திரிகையிடம் வாய்திறந்தார்கள் என்பதுதான் அந்தச் செய்தியில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி.

சட்டமும் இதில் விலகி நிற்கிறது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, 1974இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம், இந்தச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்கு அளித்தார்கள். பெண்கள் மட்டும் என்ற விதி செல்லுபடியாவது அதனால்தான். அந்த விலக்கை நான் ஆதரிக்கிறேன். நிறத்தைப் பார்ப்பதற்கு அதில் அனுமதி ஏதும் இல்லை.

ஆனால் சொராரிட்டி என்றாலே வெள்ளையர் வீடு என்று நினைத்துவிட வேண்டாம். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில்தான் கமலா ஹாரிஸ் 1986இல் சேர்ந்தார். அதே வளாகத்தில் 1913 ஜனவரியில் பிறந்த டெல்ட்டா சிக்மா தீட்டாவின் பெண்கள், பிறந்த இரண்டே மாதங்களில், வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் வருவதை ஊர்வலத்திலேயே பலர் விரும்பாத நிலையில் அவர்கள் நடந்தார்கள். அந்தச் சங்கங்களில் உறுப்பினர் என்பது கல்லூரியோடு முடிவதில்லை. ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் ஊர்ச் சாப்டருக்குச் சந்தா கட்டி, வாக்காளர் பதிவு முகாம் நடத்துகிறார்கள். நம் பெண்களும் சும்மா இருக்கவில்லை. தெற்காசிய மாணவியருக்கென்று ஹூஸ்டனில் டெல்ட்டா ஃபை ஒமேகாவும், ஆஸ்டினில் காப்பா ஃபை காமாவும் 1998இல் தொடங்கப்பட்டன.

தேவையா என்று கேட்டீர்கள். 30,000 பேர் படிக்கும் வளாகத்தில் தன் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு வீடு இருப்பது தேவைதான் என்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்து பார்த்து நம்புகிறேன். சேர்க்கும் முறைதான் கெட்டுக் கிடக்கிறது. முதல் செமஸ்டர் முழுவதும் மாணவியர் பழகட்டும், இரண்டாவதில் சேர்க்கலாம் என்று சில பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் முறையை எல்லா இடத்திலும் கொண்டுவர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே, யாரையும் யாரும் அறியாத ஒரு வாரத்தில் ஆள் பொறுக்கினால், முகமும் நிறமும் உடையும் தவிர வேறு எதைப் பார்த்துப் பொறுக்குவார்கள்?

புதியவர்களைக் கொடுமைப்படுத்தும் 'ஹேசிங்' உங்களுக்கு நடந்ததா?
(மாணவி, கோயம்புத்தூர்)

அடி, உதை, கட்டாயக் குடி எதுவும் இல்லை. ஆனால் ஒரு முறை எங்களை நடு இரவில் எழுப்பி, மூத்தவர்கள் அனைவரின் ஊரையும் பாடத்தையும் பெயரோடு ஒப்பிக்கச் சொன்னார்கள். தவறினால் எல்லாரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது சிரித்துக்கொண்டே செய்தேன். மூன்றாவது முறை தடுமாறியபோது பக்கத்தில் நின்றவள் அழுதுகொண்டிருந்ததை நான் கவனித்தும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுவும் ஹேசிங்தான் என்று இன்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் தம் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்த்து வெளியிட வேண்டும் என்கிறது. சேர விரும்பும் பெண்கள், போகும் வீட்டின் பெயர் தங்கள் கல்லூரி வெளியிடும் தகவலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சந்தா கட்டித் தோழிகளை வாங்குவதுதானே இது? உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சேர விரும்பினால் என்ன சொல்வீர்கள்?
(வாசகி, கனடா)

பணம் கட்டியது கூரைக்கும் சாப்பாட்டுக்கும். தோழிகள் எட்டுப் பேர் கிடைத்தார்கள், மற்றவர்கள் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். மூன்று ஆண்டில் எட்டுப் பேர் என்பது எனக்கு நிறைவான கணக்கு.

உங்கள் இரண்டாவது கேள்வி கற்பனையன்று. என் சித்தி மகள் வரும் ஆகஸ்டில் ரஷ்ஷுக்குப் போகிறாள். போன வாரம் தொலைபேசியில், முதல் நாளுக்கு என்ன உடை உடுத்துவது, ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது என்று கேட்டாள். உடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குப்பியைக் கையோடு வைத்துக்கொள், ஆரவாரத்துக்கு நடுவே கத்திப் பேசாதே, மூன்றாம் நாள் குரல் போய்விட்டால் வெட்கப்படாமல் எதிரே இருப்பவளிடம் "எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடு என்றேன். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டாள். வேதியியல் ஆய்வகக் கதையை அவளுக்கும் சொன்னேன்.